ஷார்ஜா ஒன்றரை, நம்மூர் மூன்று

ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவுக்கு இதைப் புரியவைக்க கடைசிவரை என்னால் முடியவில்லை. கடிகாரப்படி இங்கிருந்து போகும்போது இரண்டரை மணி நேரம், வரும்போது ஐந்தரை. இரண்டு ஊருக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம், அவ்வளவுதான். என் மாமனார் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "போறப்ப வெறும் ஆளும்மா. வர்றப்ப கம்பளி, டேப்ரிக்கார்டர், சோப்பு. பாரம் ஏறுனா பிளேன் முக்காதா?" என்பார். தெருவே தலையாட்டும். பிளஸ் டூ படித்த நான் வாயை மூடிக்கொண்டு போவேன்.

என் வீட்டுக்காரர் அங்கே போய் மூன்று வருஷம். மகளை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஒருநாள் என் வீட்டுக்காரர் மாமனாரின் கடைக்குப் போன் செய்து, அவரிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"கம்பெனிய மூடிட்டான். வெறுங்கையோட வரேன். சனிக்கிழம எட்டுக்கு ஏறி ஒண்ணரைக்கு எறங்குறேன். நீயும் புள்ளையும் மட்டும் வாங்க. ஊரையே கூட்டிட்டு வந்தா மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?"

குரல் உடைந்துவிட்டது.

எங்கள் தெருவில் வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் வேன் பிடித்துப் போய்த்தான் அழைத்து வருவார்கள். ஜன்னல் சீட்டுக்கு அடிதடியே நடக்கும். எல்லாம் பாசம் என்று நினைத்தீர்களா? சென்ட் பாட்டில்! பெட்டியைத் திறக்கிறவரை ஒருத்தியும் இடத்தைவிட்டு எழமாட்டாள்.

பிளேன் ஒன்றரைக்கு என்று காதில் விழுந்ததுமே நாத்தனார் வேனுக்குச் சொல்லிவிட்டாள். "ஒண்ணரைங்கிறது அந்த ஊரு ஒண்ணரை. நமக்கு மூணு" என்று முகம் மாறாமல் புளுகினேன். உண்மையான கணக்கை நூறு தடவை சொல்லியும் நம்பாத ஜனம், பொய்க் கணக்கை ஒரே தடவையில் நம்பிவிட்டது. நல்லா இருங்கடி! சனிக்கிழமை காலையில், பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டு நேராக ஏர்போர்ட் வந்துவிடுகிறேன் என்று பஸ் ஏறினேன். மாமனார் அதற்கு முன்பே, திருச்சியில் ஒரு சோலி என்று கிளம்பியிருந்தார்.

ஒரு மணிக்கு ஏர்போர்ட் வாசலில் போய் இறங்கினால், கம்பி ஓரமாக மாமனார் நிற்கிறார். அவர் காலடியில் கயிறு போட்டுக் கட்டிய பெரிய பெட்டி. அதன்மேல் மகன் பெயரும் ஷார்ஜா–திருச்சி என்றும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"வெறுங்கையோட வர்றத எங்கிட்டயும் சொன்னாம்மா. நீ மூணுன்னப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு" என்றார். காலையிலிருந்து ஃபாரின் சாமான் கடைகளாக ஏறி இறங்கி, சோப்பும் சென்டும் கம்பளியும் வாங்கி அடைத்திருக்கிறார் மனிதர்.

என் வீட்டுக்காரர் ஒற்றைத் தோள்பையோடு, தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார். மாமனாரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"அத்தா, நான் ஒண்ணுமே கொண்டாரல."

"யாருடா சொன்னது?" என்று மாமனார் பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். "இந்தா, உம் பெட்டி. வூட்டுல எல்லாரும் உக்காந்தப்பறம் நீதான் தொறக்கணும்."

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, அத்தாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.