நிறமே இல்லாத முறைப்பாடு

பெயர் போடாமல் வரும் முறைப்பாடுகள் பெரும்பாலும் நீளமாக இருக்கும். எப்போதோ நடந்த வேலித் தகராறில் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருவார்கள். இந்தக் கடிதம் ஏழே வரி. பாடசாலைக் கொப்பியில் கிழித்த தாள், உருண்டையான எழுத்து.

முதல் வரியிலேயே செய்தி இருந்தது. தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தின் கடைசி அறையில், கண் தெரியாத ஒருவரை அவருடைய தங்கை கயிற்றால் கட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். கயிறு நைலோன், சொரசொரப்பானது, மூன்று முடிச்சு. வாசலிலிருந்து கக்கூசுக்கு முப்பத்திரண்டு படி. பதினோராவது படி உடைந்திருக்கிறது. மழை நாளில் அவர் அதில் விழுந்தார். யாரும் வந்து பார்க்கவில்லை.

பதினொரு வருடம் பத்திரிகைக்குப் பதுளைச் செய்தி எழுதியவள் நான். அப்போது இப்படி ஒரு கடிதம் கிடைத்திருந்தால் ஒரு சொல்லைக்கூட வெட்டியிருக்க மாட்டேன். இப்போது பிரதேச செயலகத்தில் வேலை. முதியவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் வீட்டில் நடக்கும் கொடுமைகளை விசாரிப்பது என் பொறுப்பு.

"கட்டி வைத்திருப்பது உண்மையென்றால் இன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடு," என்றார் மேலதிகாரி. "பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. நாளைக்கு இருக்காது. இரண்டு மணிக்கு வேன் அனுப்புகிறேன்."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தோட்டத்துக்குக் காலை பத்து மணிக்குப் போவார்கள். அந்த நேரத்தில் லயமே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும். வீட்டில் இருக்கும் எல்லோருமே 'தனியே விடப்பட்டவர்'தான். நானும் முதல் வருடம் அப்படி ஒன்பது பேரைக் 'கைவிடப்பட்டவர்' என்று எழுதி, மத்தியானம் சோறு போட வந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தை ஒட்டித்தான் போவது. முதலில் ஆளைத் தனியே பார்க்கலாம். கொஞ்ச நேரத்தில் வீட்டாரும் வந்துவிடுவார்கள்.

தெமோதரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓட்டோவில் ஏறி, ஓட்டோ மறுத்த இடத்திலிருந்து நடந்தேன். கடைசி அறை வாசலில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். நன்றாகச் சவரம் செய்த முகம். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை கதவு நிலையில்.

"வாங்க மிஸ்," என்றார். "ஆபீஸ்தானே?"

"எப்பிடித் தெரியும்?"

"செருப்பு சத்தம். தோட்டத்து ஆளு எவனும் இவ்வளவு யோசிச்சு கால் வைக்க மாட்டான். யாழ்ப்பாணத்து மிஸ் வேற போல."

"உங்களை இப்பிடிக் கட்டினது ஆர்?"

"தங்கச்சிதாங்க." தயங்கவே இல்லை. "எழுதிக்கிட்டீங்களா? கைநாட்டு வைக்கணுமா? கைநாட்டு இல்லாம ஒங்க ஆபீஸ்ல தாளு நகராதே."

வாக்குமூலம் எழுதினேன். பெருவிரலை அழுத்தி வைத்தார். மை காயுமுன்பே எழுந்துவிட்டார். "அப்படியே கக்கூஸ் வரைக்கும் வாங்க, காட்டுறேன்."

இடுப்புக் கயிறு கழன்றது. அவரே கழற்றினார். முடிச்சு முன்பக்கம், அவருடைய இரண்டு கைகளுக்கும் எட்டும் இடத்தில் இருந்ததைக் குறித்துக்கொண்டேன். ஒருவரைக் கட்டிப் போடுகிறவர்கள் முடிச்சை முதுகுப்பக்கம் போடுவார்கள்.

கதவு நிலையில் இன்னொரு கயிறும் கட்டியிருந்தது. அது ஒரு கொய்யா மரத்தைச் சுற்றி, ஒரு மரக்கட்டையைச் சுற்றி, படி ஓரமாகக் கீழே கக்கூசுக் கதவு வரைக்கும் போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார். "ஒன்பது, பத்து... இங்க பாத்து மிஸ். இதுதான் பதினொன்னு." படியில் பாதி இல்லை. பக்கத்தில் ஆள் ஆழத்துக்கு மழைத்தண்ணீர் ஓடும் கான். "மழ பெஞ்சா இடுப்புல ஒரு கயித்த மாட்டிக்கிட்டுதான் எறங்குறது. வழுக்குனாலும் கானுக்குள்ள போக மாட்டேன் பாருங்க." முழங்கையில் ஆறிய காயத்தைத் திருப்பிக் காட்டினார்.

அவர் தங்கச்சியைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. படியைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

நாங்கள் மேலே ஏறி வரும்போது தங்கை வந்துவிட்டாள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் கூடைக் கயிற்றின் தடம். என் கையிலிருந்த கோப்பைப் பார்த்ததும், "என்னாங்க மிஸ், அண்ணனுக்கு ஏதாச்சும் நிவாரணமா?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன்.

"நானா? நான் கட்டுனேனா?" அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, காலைல பெரட்டுல பேர் குடுக்க ஓடுற ஓட்டத்துல எனக்கு முடியக் கட்டவே நேரமில்ல, ஒன்னயக் கட்டுறேனா?"

"கத்தாத. மிஸ் இருக்காங்க."

"இருக்கட்டும்! யாரு எழுதுனா அத?"

அவர் தொண்டையைச் செருமினார். "நாந்தான் சொன்னேன். ஒம் மக எழுதுனா. எழுத்து நல்லா இருக்குன்னு மிஸ்ஸே நெனச்சிருப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. "படி ஒடஞ்சிருக்குன்னு ஒங்க ஆபீஸுக்கு மூணு கடுதாசி போட்டேன் மிஸ். ஒரு பய வரல. கட்டி வச்சிருக்கான்னு ஒன்னு போட்டேன், நாலாம் நாளு நீங்க நிக்கிறீங்க," என்றார்.

அவர் சொன்னதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கட்டியது தங்கச்சிதான் என்ற வாக்குமூலம் கைநாட்டோடு என் கையில் இருக்கிறது. இரண்டு மணிக்கு வேன் வரும். குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுக்கு வந்ததும் பாதிக்கப்பட்டவர் பேச்சை மாற்றினால் நாங்கள் நம்பக்கூடாது. இரண்டு வருடங்களுக்கு முன் வேறொரு தோட்டத்தில், "வழுக்கி விழுந்துட்டேன்" என்று மகனைப் பார்த்தபடி சொன்ன ஒருவரை நம்பித் திரும்பி வந்தேன். அவர் வழுக்கி விழவில்லை.

வேனைப் பற்றிச் சொன்னேன்.

"போகட்டும்," என்றாள் தங்கை. உள்ளே போய் ஒரு பையை எடுத்து அவருடைய துணிகளைத் திணிக்கத் தொடங்கினாள். "கட்டில் இருக்காம். படி இல்லாத கக்கூஸ் இருக்கும். ராசா மாதிரி இரு. நான்தான் கட்டிப் போடுறவளாச்சே."

"அந்தச் சட்ட வேணாம். பொத்தான் இல்ல," என்றார்.

"அங்க போய்த் தச்சுக்க!"

அவர் கதவு நிலையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி நின்றார். என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "அங்க இங்க மாதிரி ரயில் சத்தம் கேக்குமாங்க மிஸ்?"

கோப்பை மூடிவிட்டு, கயிற்று முடிச்சுகளைக் குனிந்து பார்த்தேன்.

தங்கையிடம் ஒரு கயிற்றுத் துண்டைக் கொடுத்து, நிலையில் கட்டச் சொன்னேன். பையைப் போட்டுவிட்டு, முறைத்தபடி கட்டினாள். ஒரு இழுப்பில் அவிழும் சுருக்கு. கொழுந்துக் கூடையைக் கட்டி அவிழ்த்தே பழகிய கை. அவருடைய இடுப்புக் கயிற்றில் நான் முதலில் பார்த்த மூன்று முடிச்சுகளும் வேறு மாதிரி: இரட்டைச் சுற்று, உள்ளே மடித்த நுனி. பார்வை போகும் வரை அவர் தொழிற்சாலையில் தேயிலைச் சாக்கு கட்டியவர்; வாக்குமூலத்தில் அதையும் சொல்லியிருந்தார். அவரிடமும் ஒரு துண்டைக் கொடுத்து, ஒரு முடிச்சுப் போடச் சொன்னேன். அதே இரட்டைச் சுற்று. மேசையில் தங்கை மகளின் கொப்பி கிடந்தது. அதே உருண்டை எழுத்து.

பிறகு கடிதத்தை மறுபடி படித்தேன். சொரசொரப்பு, முடிச்சு, படிக் கணக்கு எல்லாம் இருந்தன. கயிறு அடர்ந்த நீலம். பார்த்து எழுதிய யாரும் அதைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள். ஏழு வரியில் ஒரு நிறம்கூட இல்லை. பதினொரு வருடம் பத்திரிகையில் இருந்தவளுக்கு அது இவ்வளவு நேரமும் கண்ணில் படவில்லை.

மேலதிகாரியைப் போனில் கூப்பிட்டேன். "கட்டியது அவரேதான், சேர். வாக்குமூலம் பொய்."

"ஏன் பொய் சொன்னார்?"

"உண்மையைச் சொல்லி எழுதின மூன்று கடிதம் எங்கட அலுவலகத்திலதான் கிடக்குதாம்."

பத்து நிமிடம் கழித்து அவரே திரும்ப அழைத்தார். இரண்டு கடிதம் கிடைத்துவிட்டன, வேனைத் திருப்பி அனுப்பிவிடு என்றார். வேன் சாரதி அதற்குள் மேலே ஏறி வந்திருந்தார். தங்கை அவருக்கும் சேர்த்து எல்லோருக்கும் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றினாள். அண்ணனுக்குக் கடைசியாக, குறைவாக. பையிலிருந்து சட்டையை வெளியே எடுத்து, பொத்தான் தேடினாள்.

எங்கள் படிவத்தில் 'துன்புறுத்தியவர்' என்று ஒரு கட்டம். அதில் 'எவருமில்லை' என்று எழுதினேன். அடுத்த கட்டம், 'கவனிக்கத் தவறியவர்'. அதில் தோட்ட நிர்வாகம் என்றும், அதன் கீழே எங்கள் அலுவலகம் என்றும் எழுதினேன். மறுநாள் மேலதிகாரி பேனையை எடுத்தார், வைத்தார், பிறகு கையெழுத்துப் போட்டார்.

அன்று லயத்திலிருந்து புறப்படும்போது, நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அண்ணன் கேட்டிருந்தார். நிறத்தைப் பற்றிச் சொன்னேன். "அட," என்றார், தொழில்காரர் தொழில்காரரிடம் தோற்ற மாதிரி.

ஆறு வாரம் கழித்து அதே எழுத்தில் ஒரு கடிதம் வந்தது. 'படி கட்டியாகிவிட்டது. இரும்புக் கைபிடியும் போட்டுவிட்டார்கள். கைபிடி நல்ல பச்சை நிறம். என்னை யாரும் கட்டவில்லை.'

அந்தப் பச்சை உறுத்தியது. மறு விசாரணைக்குப் போனேன். முப்பத்திரண்டு படியும் முழுதாக இருந்தன. கைபிடியில் தங்கையின் துணிகள் காய்ந்தன. அவற்றை ஒதுக்கிப் பார்த்தேன். வெறும் இரும்பு. எந்த நிறமும் பூசியிருக்கவில்லை.

"இது பச்சை இல்லையே, ஐயா."

"பூசுறேன்னு சொல்லிட்டுப் போனாங்க மிஸ். ஒரு மாசமாச்சு," என்றார் அவர். "மழைக்குத் துருப்பிடிக்கும் பாருங்க. பச்சன்னு எழுதுனா நீங்க வந்து பாப்பீங்கன்னு தெரியும்."