பூவுக்கடியில் விழித்த மடிக்கணினி

பேய் பிசாசு எதையும் நான் நம்புகிற ஆள் இல்லை, கோயிலுக்குப் போவதே சாப்பாட்டுக்காகத்தான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒஸ்லோவில், வெஸ்ட்லியில் ஒரு மாடி வீட்டில் இருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தாள். அவளிடம் எனக்குக் கணினி வேலை என்று சொல்லியிருந்தேன், உண்மையில் அலுவலகம் கூட்டித் துடைக்கிற வேலை. அந்தப் பொய் நெஞ்சை அறுத்ததில் ஒருநாள் மடிக்கணினியில் எல்லாவற்றையும் கடிதமாகத் தட்டினேன், தரை துடைக்கிற மருந்துத் தண்ணீரில் கை வெடித்துக் கிடப்பது வரைக்கும். அனுப்பவில்லை. தெரிந்தால் வராமல் விட்டுவிடுவாளோ என்று பயம்.

என்னோடு வாடகைக்கு இருந்தவன் முரளி, மதுரைக்காரன், மென்பொருள் பொறியாளன். என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுத் தந்தவனும் அவன்தான். மூடினால் தூங்கும், திறந்தால் கறுப்புத் திரைதான், எழும்பவே எழும்பாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டி அதைச் சரியாக்கினான், இனியும் பிழை வந்தால் கண்டுபிடிக்கலாம் என்று மூடி திறக்கிற, மூடுகிற நேரங்கள் பதிவாகும்படியும் செய்துவைத்தான்.

அந்தப் பதிவில்தான் வினை. வேலைநாள் தவறாமல் பின்னேரம் மூன்று நாற்பதுக்குத் திறந்திருக்கிறது, பன்னிரண்டு நிமிடத்தில் மூடியிருக்கிறது. அந்த நேரம் நான் வேலையில். வீட்டுத் திறப்பு, அதுதான் சாவி, முரளியைத் தவிர வேறு யாரிடம் இருக்கிறது?

"நீர் என்ரை கடிதத்தை வாசிக்கிறீரோ?" என்று கேட்டேன்.

"சத்தியமா தொடலைண்ணே. அந்த நேரம் நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"கள்ளனும் இப்பிடித்தான் சொல்லுவான்" என்றேன். வாய் தவறித்தான் வந்தது, ஆனால் திருப்பி எடுக்கவில்லை. அந்தக் கிழமையே அவன் எல்லிங்ஸ்ருட்டுக்கு வீடு மாறினான். திறப்பை மேசையில் வைத்துவிட்டுத்தான் போனான். அதற்குப் பிறகும் பதிவில் அதே நேரம் விழுந்தது, கள்ளத் திறப்பு வெட்டியிருப்பான் என்று நினைத்தேன்.

பிறகு சரஸ்வதி பூசை வந்தது. தொழில் கருவியைச் சாமிக்கு முன் வைக்கவேண்டும், என்னுடையது கூட்டுகிற தும்புத்தடி, அதை வைக்க வெட்கம். மடிக்கணினியைத் தூங்கவைத்து, சந்தனப்பொட்டு இட்டு, மூடிமேல் பூப் பரப்பி வைத்தேன். அன்று வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தேன், பின்னேரம் முழுக்க அதற்கு முன்னாலேயே இருந்தேன், பக்திக்கு இல்லை, காவலுக்கு. ஒரு இதழ்கூட அசையவில்லை.

மறுநாள் காலை பூவை எடுத்துவிட்டுப் பதிவைப் பார்த்தேன். மூன்று நாற்பது, திறந்தது. மூன்று ஐம்பத்திரண்டு, மூடியது. மூடியின் சுவிட்ச் பழுது என்பீர்கள், நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். ஆனால் கடிதக் கோப்பும் மூன்று நாற்பத்தொன்றுக்குத் திறந்திருக்கிறது.

எல்லிங்ஸ்ருட்டுக்கு ஓடிப்போய் முரளியிடம் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்தான், ஆனால் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

அடுத்த வசந்தத்தில் மனைவி வந்தாள். முதல் நாள் பெட்டியைத் திறந்து இரண்டு சோடி ரப்பர் கையுறையை எடுத்து நீட்டினாள்.

"கை வெடிக்குது எண்டு எழுதினியள் எல்லோ. இதைப் போட்டுக்கொண்டு துடையுங்கோ."

முரளி அனுப்பியிருப்பான் என்று அப்போதும் ஒரு சந்தேகம். கடிதம் எங்கே என்று கேட்டேன். பெட்டி முழுக்கத் தேடினாள், கிடைக்கவில்லை.

"உங்கடை கடிதந்தான். உங்கடை கையெழுத்து எனக்குத் தெரியாதோ?" என்றாள்.

அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்தைக்கூட நான் கையால் எழுதவில்லை.