வை என்றால் போ

பிள்ளைகளே, போன ஞாயிறு பாண் கடையில் நான் கதைத்த இத்தாலியன் பாஷையைக் கேட்டு நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். சிரியுங்கள், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. இந்த மொழி என்னைச் சிரிக்க வைத்ததும் உண்டு, நடுங்க வைத்ததும் உண்டு. நடுங்கிய கதையை உங்களுக்கு நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன், நீங்களும் வாசியுங்கள், மற்றவர்களும் வாசிக்கட்டும்.

நடந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு, மே மாதத்தில், இங்கே பலேர்மோவில், சீசாப் பகுதியில். நான் அப்போது ஒரு வயதான சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்தேன். நாலாம் மாடி. கூட்டித் துடைப்பது, சமைப்பது, அவரைக் கைபிடித்துக் கட்டிலில் இருந்து கதிரைக்கு நடத்துவது எல்லாம் நான்தான். இடுப்பு முறிந்த பிறகு அவரால் நாலு அடிக்கு மேல் நடக்க முடியாது. ஆனால் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இத்தாலியனைக் காதால்தான் படித்தேன். காது என்ன செய்யும், தனக்குத் தெரிந்ததைத்தானே கேட்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "கூட்டவா?" என்று விளக்குமாற்றைக் காட்டிக் கேட்டால் சின்யோரா "சீ, சீ" என்பார். நான் முகம் சுருங்கி விளக்குமாற்றை மூலையில் சாத்திவிடுவேன். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் குறைப்பட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. "இஞ்சேருங்கோ, சீ எண்டால் ஓமாம். ரோசப்படாமல் போய்க் கூட்டுங்கோ."

மாதா கோயிலிலும் அப்படித்தான். சுவாமி பிரசங்கத்தில் "நோய், நோய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த ஊரில் வருத்தக்காரருக்காக இவ்வளவு மன்றாடுகிறார்களே என்று உருகிப்போய் நானும் ஆமென் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, நோய் என்றால் இவர்களுக்கு "நாங்கள்". கீழே மரக்கறிக் கடை வைத்திருந்தவர் என்னைக் "கும்பா" என்று கூப்பிடுவார். கூட்டாளி என்று அர்த்தமாம். எனக்கு ஒவ்வொரு தடவையும் கஞ்சி குடிக்கிற பாத்திரம்தான் ஞாபகம் வரும்.

இதெல்லாம் சிரிப்போடு போயிற்று. அந்த மே மாதத்துப் பகல் அப்படிப் போகவில்லை.

சின்யோராவின் தங்கை நாப்போலியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுநாள் காலை அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். பிழைப்பதும் பிழைக்காததும் சொல்ல ஏலாது என்று டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். அன்று மாலைக் கப்பலில் ஏறினால் விடியற்காலை நாப்போலி. தங்கையை உள்ளே கொண்டுபோக முதல் ஒருக்கால் பார்த்துவிடலாம். டிக்கெட் எடுத்தாயிற்று, உடுப்பு மடித்தாயிற்று, சின்யோரா நல்ல நீலச் சட்டை போட்டு உதட்டுக்குச் சாயமும் பூசியாயிற்று. அப்போது பார்த்து லிஃப்ட் நின்றுவிட்டது.

கூட்டிப்போக வந்திருந்தவர் சின்யோராவின் மருமகன், தமையனுடைய மகன். நல்ல மனிதர், ஆனால் நாரிப் பிடிப்புக்கு இடுப்பில் பெல்ட் கட்டியிருப்பவர், ஒரு வாளி தண்ணீரும் தூக்கக் கூடாது. அங்கே இங்கே போன் எடுத்தார். லிஃப்டுக்குச் சாமான் அடுத்த கிழமைதான் வருமாம். நோயாளிகளைப் படியால் இறக்குகிறவர்களுக்கு அன்றைக்கு ஆள் இல்லையாம். (அவர்கள் கதைத்தது இத்தாலியனில். எனக்கு விளங்கியபடி எங்கள் கதையில் எழுதுகிறேன்.)

"மாமி, லிஃப்ட் சரிவந்தாப் பிறகு போவம். போய், போய்" என்றார்.

அவர்களுடைய "போய்" என்றால் பிறகு. என் காதில் அது பொய் என்றே விழுந்தது. அன்றைக்கு அது பொருந்தியும் இருந்தது.

சின்யோரா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பிறகோ? ஆருக்குப் பிறகு? அவளுக்குப் பிறகோ, எனக்குப் பிறகோ?"

சின்யோரா என் பக்கம் திரும்பினார். என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சாப்பாட்டு மேசையடிக்குப் போய், கைபிடி வைத்த பாரமான கதிரையை இழுத்து வந்து கதவடியில் போட்டேன். "நான் தூக்குறன். மற்றப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்றேன். ஓடிப்போய் மரக்கறிக் கடைக்காரரைக் கூட்டி வந்தேன். தோள் அகலமான மனிதர். கடையை அப்படியே போட்டுவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

சின்யோராவைக் கதிரையில் இருத்தி, ஒரு படுக்கை விரிப்பை இடுப்பைச் சுற்றிக் கதிரையோடு இறுகக் கட்டினேன். கடைக்காரர் கீழ்ப்பக்கம், முன்கால்களைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்குவார். நான் மேல்பக்கம், முதுகுச் சட்டத்தைப் பிடித்தபடி. மருமகன் பாரமில்லாத உடுப்புப் பையோடு பின்னால். கட்டு இறுகியிருக்கிறதா, சப்பாத்து வழுக்குமா, எல்லாம் பார்த்தோம். என்ன சொல்லிக் கதைத்துக்கொள்வது என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

முதல் இறக்கம் பேச்சில்லாமல் போயிற்று. அடுத்ததில் படி ஒடுங்கி வளையும். கடைக்காரர் வளைவில் ஒரு காலை ஊன்றிக்கொண்டார். என் விரல்கள் வியர்த்து வழுக்கத் தொடங்கின. தோள் இரண்டையும் வலி பிடுங்கி எடுத்தது. அந்த நேரம் அவர் கீழேயிருந்து கத்தினார்: "வை! வை!"

வைத்தேன்.

யோசித்து வைக்கவில்லை. இவர்களுடைய "வை" என்றால் "போ" என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பஸ்ஸிலும் தெருவிலும் தினம் கேட்கிற சொல். ஆனால் கை அதற்கெல்லாம் நிற்கவில்லை. யாரோ எங்கள் ஊர் ஆள் "பாரத்தை வை அப்பா" என்று சொன்னது போல, கை தானாக இறக்கிவிட்டது.

கதிரையின் பின்கால் ஒன்று படியில் நின்றது, மற்றது விளிம்பில் உரசி வழுக்கியது. கதிரை முன்னால் சரிந்தது. சின்யோரா முழுப்பாரத்தோடும் கடைக்காரரின் நெஞ்சில் போய் விழுந்தார். அவர் சுவரோடு முதுகைக் கொடுத்துத் தாங்கினார். நான் பாய்ந்து சட்டத்தைப் பிடித்து, முழங்காலைக் கம்பிக்குள் கொளுவிக்கொண்டேன். சின்யோராவின் கை படியின் இரும்புக் கைபிடியை எட்டிப் பிடித்தது. அவருடைய செருப்பு ஒன்று கழன்று, கம்பிகளுக்கு நடுவே விழுந்து, ஒவ்வொரு மாடியிலும் தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டுக் கீழே போன சத்தத்தை நாங்கள் நாலு பேரும் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டு நின்றோம்.

எப்படியோ நிமிர்த்தி, அடுத்த தட்டில் கொண்டுபோய் இருத்தினோம். கடைக்காரருக்கு முகம் தக்காளி போல ஆகிவிட்டது.

"உனக்கென்ன விசரோ, கும்பா? வை எண்டு கத்துறன், நீ இறக்கி வைக்கிறாய்!"

"ஓம், வை எண்டீங்கள், அதுதான் வைச்சனான்!" என்று நானும் கத்தினேன். பதற்றத்தில் தமிழிலேயே கத்திவிட்டேன்.

மேலேயிருந்து மருமகன், "காணும்! மாமியைத் திருப்பி மேலை கொண்டு வாங்கோ. இது விளையாட்டில்லை" என்றார். கடைக்காரரும் தலையை ஆட்டினார். "இவனோடை நான் இனி ஒரு படியும் இறங்க மாட்டன்."

அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் மேலே போனால் அந்தக் கப்பல் போய்விடும். அந்தத் தங்கை அக்காவைப் பாராமலே உள்ளே போய்விடுவார். இப்போது நான் வாயைத் திறந்து விளங்கப்படுத்தாவிட்டால் இனி எப்போது விளங்கப்படுத்தியும் பிரயோசனம் இல்லை என்று தோன்றியது.

சின்யோராவின் தோளில் மாட்டியிருந்த கைப்பையைக் கழற்றி உயரத் தூக்கினேன். "தமிழிலை," என்று சொல்லிப் பையைத் தரையில் இறக்கினேன். "வை." திரும்பத் தூக்கினேன், திரும்ப இறக்கினேன். "வை. விளங்குதோ? எங்களுக்கு வை எண்டால் கீழை வைக்கிறது."

கடைக்காரர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாதா தாயே!" என்றார். "நான் போ எண்டு கத்தக் கத்த இவனுக்கு இறக்கு எண்டெல்லோ கேட்டிருக்குது!"

முதலில் சிரித்தது சின்யோராதான். ஒரு காலில் செருப்பில்லாமல், விரிப்பால் கட்டுண்டபடி, கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "சரி. அந்தச் சொல்லை இனி இந்தப் படியிலை ஒருத்தரும் வாயிலை எடுக்கக் கூடாது. பயந்தால் இவருக்குத் தமிழ்தான் கேக்கும் எண்டால் தமிழிலையே சொல்லுவம். மெதுவாய் இறங்கிறதுக்கு என்ன சொல்லுவாய்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு உடனே வந்தது, "மெல்ல."

"மேலாவோ?" என்றார் கடைக்காரர். "அப்பிளோ?"

மேலா என்றால் இவர்களுக்கு அப்பிள் பழம். எங்கள் மெல்லவுக்கும் அதற்கும் காதுக்கு ஒரு முடி அளவு வித்தியாசம்தான்.

"ஓம், அப்பிள்தான்!" என்றேன். "அப்பிள் எண்டால் மெதுவாய் இறங்கு."

"நிக்கிறதுக்கு?" என்றார் கடைக்காரர்.

"பொறு."

அவர் கையைத் தட்டினார். வெங்காயத் தாள் மாதிரியான லீக்ஸுக்கு இவர்கள் சொல்வது போர்ரோ. "போர்ரோ! லீக்ஸ்! சின்யோரா, கேட்டீங்களோ? இவன்ரை பாஷை முழுக்க என்ரை கடைச் சாமான்!"

"இவ்வளவு நாளும் உன்ரை கடையிலை சாமான் வாங்கினதுக்கு இண்டைக்குத்தான் பலன்" என்றார் சின்யோரா. "ஆனால் நீயும் சொல்லாதை, அவனும் சொல்ல வேண்டாம். விழப் போறது நான். நான் சொல்லுறன்."

மருமகன் இன்னும் வேண்டாம் என்றுதான் சொன்னார். சின்யோரா முன்னால் பார்த்தபடி, பலமாக, "மேலா!" என்றார். நாங்கள் தூக்கினோம்.

"மேலா... மேலா... போர்ரோ!" நின்றோம். மூச்சு விட்டோம். "மேலா..." இறங்கினோம். கடைக்காரருக்கு அது அப்பிள், எனக்கு அது மெல்ல. இரண்டு பேருடைய கால்களும் ஒரே நேரத்தில் ஒரே படிக்கு இறங்கின. என் விரல் வழுக்கினால் "பொறு!" என்று முனகுவேன், உடனே சின்யோரா "போர்ரோ!" என்று அதிகாரமாகச் சொல்வார். கதிரை அசையாமல் நிற்கும்.

முதலாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. ஒரு பெண் தலையை நீட்டி, "என்ன, இண்டைக்கு அப்பிளும் லீக்ஸும் வீட்டு வாசலுக்கே வருகுதோ?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

"சிரிக்கப் பண்ணாதை, அம்மா! சிரிச்சனெண்டால் சின்யோரா நேரே நாப்போலிக்குப் பறப்பா!"

"போர்ரோ!" என்றார் சின்யோரா இருவரையும் பார்த்து. அந்தப் பெண்ணும் ஏனென்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார்.

கீழே கொண்டுபோய்ச் சேர்த்தபோது எங்கள் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும். மருமகன் செருப்பைத் தேடி எடுத்து, குனியக் கூடாத நாரியோடு குனிந்து, தானே மாமியின் காலில் மாட்டிவிட்டார். காரில் துறைமுகத்துக்கு நானும் போனேன். கப்பல்காரர்கள் சில்லுக் கதிரை கொண்டுவந்தார்கள். அதைத் தள்ளிய இளைஞன் அவசரமாகச் சாய்மேடையில் ஏற்ற, சின்யோரா கையை உயர்த்தி "மெல்ல, மெல்ல" என்றார். இந்தத் தடவை நல்ல தமிழாகவே கேட்டது. அவன் எங்கே அப்பிள் என்று கீழே குனிந்து தேடினான்.

மறுநாள் மருமகன் படம் ஒன்று அனுப்பினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவும் தங்கையும் நெற்றியோடு நெற்றி வைத்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து தங்கை கண் விழித்தார் என்று பின்னேரம் சேதி வந்தது. விழிக்காமல் போயிருந்தாலும் அந்தப் படம் இருந்திருக்கும்.

பிள்ளைகளே, பயந்துபோன கை தாய்மொழியில்தான் கேட்கும் என்பதை நான் அந்தப் படியில் கண்டேன். உங்கள் கைகள் எந்த மொழியில் கேட்குமோ எனக்குத் தெரியாது. தமிழாகவும் இருக்கலாம், இந்த ஊர் மொழியாகவும் இருக்கலாம். எதுவானாலும் குறை இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். இன்னொருவரோடு சேர்ந்து ஒரு பாரத்தைத் தூக்க முதல், அது மனிதராக இருந்தாலும் சரி, குடும்பமாக இருந்தாலும் சரி, நான் சொல்கிற சொல் உனக்கு என்னவாகக் கேட்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். ஒரே எழுத்துகள்தான், ஒரே சத்தம்தான். ஒருவரை விழுத்துவதும் தாங்குவதும் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தீர்மானமாகிறது.

அன்று துறைமுகத்தில் இருந்து பஸ்ஸில் சீசாவுக்குத் திரும்பினேன். கதிரை வாசலில் அப்படியே கிடந்தது. கடைக்காரர் வியாபாரத்தில் இருந்தார், நான் கூப்பிடவில்லை. கதிரையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் படி ஏறினேன். அந்த வளைவுக்கு வந்தபோது, படியின் விளிம்பில் மரக்கால் உரசிய தடம் தெரிந்தது. அங்கே நின்றேன். சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. "வை" என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். தோளில் இருந்த கை கதிரையை இறக்கப் பார்த்தது. விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வை" என்று திரும்பவும் சொல்லி, வலது காலைத் தூக்கி மேல்படியில் வைத்தேன். பிறகு நாலாம் மாடி வரைக்கும், ஒவ்வொரு படிக்கும் ஒரு "வை" சொல்லி, ஒவ்வொரு "வை"க்கும் ஒரு படி ஏறினேன்.