ஆறுதலாக வருவார்

அண்ணன் இலங்கைக்குப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை. அடுத்த பொங்கலுக்கு வருகிறேன் என்று யார் மூலமாவது சொல்லியனுப்புவான். பொங்கல் வரும், அவன் வரமாட்டான்.

"நாமளே போயி கையோட கூட்டிகினு வந்துரலாங்க" என்று அம்மா அப்பாவை அரித்தெடுத்தாள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மூன்று பேரும் நல்லம்பள்ளியிலிருந்து கிளம்பினோம். எனக்கு அப்போது பதினேழு வயது. ஒகேனக்கல்லைத் தவிரப் பெரிய தண்ணீர் எதையும் பார்த்தறியேன். கப்பலில் குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்தேன், ஆகவே கடலின் அழகைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.

யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் அண்ணன் இல்லை. அவன் அனுப்பிய வாடகைக் கார்க்காரர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நல்ல சிரிப்பு.

"தம்பிக்குக் கடையில அலுவல். ஆறுதலா வருவார். அதுவரைக்கும் தீவுப் பக்கம் சுத்திக் காட்டச் சொன்னவர். நீங்கள் தம்பியை யோசியாதேங்கோ, ஆறுதலா எல்லாத்தையும் பாருங்கோ."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் பக்கம் ஆறுதல் என்ற சொல் எழவு வீட்டில்தான் வாயில் வரும். பிள்ளையைப் பற்றி யோசிக்காதே, ஆறுதலாக இரு என்றால் ஒரு தாய் என்னதான் நினைப்பாள்? அப்பா காரில் ஏறினார். எனக்கு யாரை நம்புவதென்றே தெரியவில்லை. செத்த செய்தியைச் சொல்ல வந்தவர் இப்படியா சிரிப்பார்?

கார் கடலுக்கு நடுவே போட்ட ரோட்டில் போனது. இரண்டு பக்கமும் முழங்காலளவுத் தண்ணீர், அதில் நின்று வலை வீசுகிற ஆட்கள். பிறகு பனைமரங்கள், வெள்ளை மணல், பனை ஓலை வேலிகள், ஒரு பெரிய மாதா கோயில். ஒவ்வொன்றுக்கும் காரை நிறுத்தி, "வடிவாப் பாருங்கோ" என்றார் அவர். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கோ எரிச்சல். பார்ப்பதா, அழுவதா?

கடைசியில் அம்மாவால் தாங்க முடியவில்லை. "ஏனுங்க, எம்மவன் உசுரோட இருக்கானா இல்லீங்களா? அத்த மட்டும் சொல்லிருங்க."

"ஓம், ஓம்" என்றார் கார்க்காரர்.

"மந்திரம் சொல்றாருடி" என்றார் அப்பா.

அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். அந்த மனிதர் பதறிப்போய், "அழாதேங்கோ அம்மா, கெதியாப் போவம்" என்று காரைத் திருப்பினார்.

"ஐயோ, என் கெதி இப்பிடியா ஆவணும்!" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டாள்.

டவுனுக்குத் திரும்பியபோது கடை வாசலில் அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கறுத்து, சதை போட்டு, முழு உயிரோடு. அம்மா ஓடிப்போய் முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டுக் கட்டிக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆறுதலா என்றால் இங்கே சாவகாசமாக, ஓம் என்றால் ஆமாம், கெதியா என்றால் சீக்கிரம். கார்க்காரருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அப்பா மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அம்மா அண்ணனின் கையைப் பிடித்தாள். "போதுண்டா இந்த ஊரு. வூட்டுக்குப் போலாம் வா."

"வீட்டைத்தான் போறம் அம்மா" என்றான் அவன். "கிட்டத்தான். அவள் சமைச்சு வச்சிட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறாள்."

அந்தப் பேச்சுக்கு யாரும் எங்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா சாலையைப் பார்த்தார். இவ்வளவு நேரம் அழுத அம்மா இப்போது அழவில்லை. அவன் கையை விடாமல் காரில் ஏறி உட்கார்ந்தாள். கார் தெருமுனை திரும்பும்போது கேட்டாள்.

"என்ன கொழம்பு வெச்சிருக்காளாம்?"