செரட்டைச் சோப்பு

நண்டு வேகும்போது வருகிற வாசம் நல்ல வாசம். பசியைக் கிளப்பும். அதே வாசம் நகத்துக்கு அடியில் போய் உட்கார்ந்து, ராத்திரி முழுக்கக் கையில் ஊறி, விடிந்து எழும்போது மூக்கில் ஏறினால் அது வேறு. என் அம்மாவின் கையில் பல வருடம் அந்த வேறு வாசம்தான் இருந்தது.

மண்டபத்தை ஒட்டிய கடற்கரையில் எங்கள் வீடு. அம்மா ‘நண்டுக் கம்பெனி’க்குப் போனாள். அவித்த நண்டை உடைத்து, ஓடு கலக்காமல் சதையை மட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. சாயங்காலம் வந்ததும் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பாள். தேய்த்தும் போகாது. அதனால் என் முகத்தை அவள் கையால் தொடமாட்டாள். எனக்குக் காய்ச்சல் அடித்தால்கூட முழங்கையின் உள்பக்கத்தை நெற்றியில் வைத்துத்தான் சூடு பார்ப்பாள்.

அப்பாவை நாங்கள் ‘அய்யா’ என்போம். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். சித்திரையில் தடைக்காலம் வந்துவிடும். மீன் முட்டையிடுகிற காலம் என்று விசைப்படகு போகக் கூடாது என்பார்கள், படகெல்லாம் கரையில் வரிசையாகக் கிடக்கும், அய்யாவும் வீட்டில் கிடப்பார், சின்ன வல்லங்களுக்குத் தடை இல்லாததால் நண்டு மட்டும் வந்துகொண்டிருக்கும், அந்த நண்டை உடைத்து அம்மா வாங்கி வருகிற கூலியில்தான் எங்கள் அடுப்பு எரியும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கடையில் விற்கிற வாசனைச் சோப்பு அதில் நுரைக்காது. திரிந்த பால் மாதிரி கையில் திப்பி திப்பியாக ஒட்டும். கம்பெனிக்குப் போகிற பெண்கள் எல்லோரும் துணி துவைக்கிற நீலச் சோப்பால்தான் கை கழுவினார்கள். வாசம் பாதி போகும். தோலும் பாதி போகும்.

நான் அஞ்சாவது படித்த வருடம். தடைக்காலம் தொடங்கியபோது அம்மாவின் விரல் மடிப்பெல்லாம் வெடித்திருந்தது. கம்பெனி வாசலில் தினமும் கையைக் காட்ட வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு. புண் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். சாப்பிடுகிற பொருள், அது சரிதான். வாசலில் நிற்கிற பெண் அம்மா கையைப் பார்த்துவிட்டு, “ஆறட்டும்க்கா. ஆறுனப்பறம் வாங்க” என்று அனுப்பிவிட்டாள்.

படகும் கரையில். அம்மாவும் வீட்டில். ரேஷன் அரிசி இருந்தது. அய்யா தூண்டில் போட்டு ஏதாவது கொண்டுவந்தார். அது எத்தனை நாளைக்கு என்று யாரும் பேசவில்லை.

கம்பெனியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்கிறவர் பரமு அக்கா. சின்ன வயதில் சிலோனிலிருந்து படகேறி வந்து மண்டபம் அகதி முகாமில் இருந்தவர். அம்மாவைக் காணோமே என்று வீட்டுக்கு வந்தார். கையைப் பார்த்தார். மறுநாள் ஒரு வெள்ளைச் சோப்புத் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“இது சவுக்காரம். முகாமில ஆரோ வந்து செய்யப் பழக்கினவை. தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடாக் காரம், தண்ணி. மூண்டு சாமான்தான். உப்புத் தண்ணியிலயும் நுரைக்கும், போட்டுப் பாருங்கோ.”

அம்மா மோந்து பார்த்தாள். “வாசமே இல்லையே பரமு.”

“வாசம் வேணுமெண்டால் மல்லிகைப்பூ வாங்கி வையுங்கோ. கைக்கு எதுக்கு?”

அந்தத் துண்டு சில நாள்தான் வந்தது. ஆனால் கிணற்றுத் தண்ணீரிலேயே நுரைத்தது. வெடிப்பின் ஓரம் மெத்தென்று ஆனது. துண்டு கரைந்ததும் அம்மா மறுபடி நீலச் சோப்புக்குப் போனாள். மறுபடி ரத்தம் கசிந்தது. அய்யா இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரமு அக்காவிடம் வேறு துண்டு இல்லை.

“நாம போடுவோம்” என்றார் அய்யா.

அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “காரம்னா கையை அரிக்குமே?”

“எண்ணெய் காரத்தைத் திண்டிடும் அண்ணை. ஆறப்போட்டால் எண்ணெயும் இராது, காரமும் இராது, சவுக்காரம் மட்டும்தான் இருக்கும். நாக்கு நுனியில வைச்சுப் பாருங்கோ. சுள்ளெண்டு இழுத்தால் இன்னும் காரம் கிடக்கு. இழுக்காட்டில் சரி.”

அய்யா தேங்காய் எண்ணெயையும் காரத்தையும் கடைத் தராசில் நிறுத்து வாங்கி வந்தார். எங்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அதில் காரத்தைப் போட்டார். தண்ணீர் கொதித்தது. கொதித்து வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஆனது. அப்படித்தான் ஆகும்போல என்று எண்ணெயைக் கலந்தார். விடிந்து பார்த்தால் அடியில் மண் மாதிரி கரகரவென்று ஏதோ கிடந்தது. மேலே எண்ணெய் மிதந்தது.

பரமு அக்கா எட்டிப் பார்த்தார். “எந்தத் தண்ணி விட்டனீங்கள்?”

“கெணத்துத் தண்ணிதான்.”

“அந்த உப்புத் தண்ணியே காரத்தைக் குடிச்சிட்டுது அண்ணை. எண்ணெய்க்கு மிச்சம் வைக்கேல்ல. நல்ல தண்ணி விடவேணும்.”

கழுவுவதற்கு உப்புத் தண்ணீர் போதும். செய்வதற்குத்தான் ஆகாது. இது எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அய்யா நல்ல தண்ணீரை எடுத்திருக்கமாட்டார். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் என்றால் ‘ஊத்து’த் தண்ணீர். கடற்கரை மணலில் இடுப்பளவு தோண்டினால் இனிப்பாக ஊறும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊறும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து தேங்காய்ச் செரட்டையால் வழித்து வழித்துக் குடத்தை நிரப்புவார்கள். குடிக்க, உலை வைக்க, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் யாரும் கால்கூட நனைக்கமாட்டார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

அய்யா குடத்தை எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

“என்ன மச்சான், படகு கரையேறிருச்சுன்னு சேலை கட்டப் போறீகளா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“கட்டுனா தண்ணி விடுவீகளா?” என்றார் அய்யா.

எல்லோரும் சிரித்தார்கள். “வீட்டுல குடிக்கத் தண்ணி இல்லையா, அண்ணே?”

“இருக்கு. இது சோப்புப் போட.”

சிரிப்பு நின்றுவிட்டது. “குடிக்கிற தண்ணிய சோப்புல ஊத்தவா? சேசுவே, இங்கன பிள்ளைக வாய்க்கே காணல.”

அய்யா குடத்தை வைத்துவிட்டு வரிசைக் கடைசியில் குத்தவைத்து உட்கார்ந்தார். எழுந்து போகவும் இல்லை. வெயில் ஏறியது. கம்பெனிக்குப் போகிற ஒரு பெரியம்மா அங்கே இருந்தார். அவர்தான் சொன்னார்.

“விடுங்கடி. அவ கைய நான் பாத்தேன். எனக்கு முன்னால அவர் எடுத்துக்கிறட்டும்.”

அய்யா இறங்கினார். வலை இழுக்கிற கைக்குள் அந்தச் செரட்டை சின்னதாக இருந்தது. ரெண்டு செம்பு அளவு வழித்தார். அதற்கு மேல் எடுக்கவில்லை. குடத்தைத் தோளில் வைத்து, அலுங்காமல், கடலைப் பார்க்காமல் நடந்து வந்தார்.

இந்தத் தடவை காரத் தண்ணீர் தெளிவாக இருந்தது. எண்ணெயை விட்டுக் கம்பால் கிண்டக் கிண்டக் கஞ்சியாக இறுகியது. ஊற்றி வைக்க அச்சு இல்லை. வீட்டில் கிடந்த செரட்டைகளில் ஊற்றினார். இறுகியதும் செரட்டையை உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. வெள்ளையாக, பாதித் தேங்காய் மாதிரி இருந்தது. பரண்மேல் வரிசையாக அடுக்கினார்.

அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் அய்யாவுக்கு ஒரே வேலை. பரணிலிருந்து ஒன்றை எடுப்பார். நாக்கு நுனியை வைப்பார். முகம் கோணும். துப்பிவிட்டு, “இன்னும் ஆகல” என்பார்.

அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள்: “வீட்டுல சோத்துக்கு வழியில்லேன்னு சோப்ப நக்குறீகளா? ஊருல சொல்லிறாதீக.”

“ஒனக்கும் வேணுமா?”

“நீங்களே தின்னுங்க.”

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்ததென்றால் அது காலையில் அந்த ஒரு நேரம்தான்.

தடைக்காலம் பாதிக்கு மேல் போயிருக்கும். அரிசி டின்னின் அடி தெரிந்தது. ஒருநாள் காலையில் அய்யா நாக்கை வைத்தார். முகம் கோணவில்லை. இன்னொரு தடவை வைத்தார். சோப்பை அம்மா கையில் கொடுத்துவிட்டு, “ஆயிருச்சு” என்றார்.

நீலச் சோப்பு துணிக்குப் போனது. வெடிப்பு மெல்ல மெல்ல மூடியது. அம்மா ஒருநாள் கம்பெனிக்குப் போனாள். வாசலில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “போங்கக்கா” என்றார்களாம். உள்ளே கை கழுவக் கம்பெனிச் சோப்புத்தான். வீட்டுக்கு வந்ததும் செரட்டைச் சோப்பு. ஊத்தில் இடம் விட்ட பெரியம்மாவுக்கு ஒன்று போனது. பரமு அக்காவுக்கு ரெண்டு.

அம்மா மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் ராத்திரி, நான் படுத்திருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் கையை மோந்து பார்த்தாள். பிறகு ரெண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்தாள். நண்டு வாசம் இல்லை. பூ வாசம் இல்லை. ஒரு வாசமும் இல்லை. கை மட்டும் இருந்தது.

அதன் பிறகு தடைக்காலம் என்றால் எங்கள் வீட்டில் சோப்புப் போடுகிற காலம். மற்ற வீடுகளில் படகு எப்போது போகும் என்று நாள் பார்ப்பார்கள். எனக்கு அது சீக்கிரம் முடிய வேண்டாம் என்றிருக்கும். அய்யா பகலில் வீட்டில் இருப்பது அப்போதுதான்.

இப்போது நான் இராமேசுவரத்தில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறேன். போன மாதம் என் கையும் வெடித்தது. வாசனை இல்லாத சோப்பாகப் போடச் சொன்னார் டாக்டர். இராமநாதபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே நின்ற பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வேம்பு, குப்பைமேனி, ரோஜா, எலுமிச்சை.

“எல்லாம் இயற்கைம்மா. கெமிக்கலே கெடையாது.”

“காரமாவது போட்டிருப்பாகளே, தாயி. அது இல்லாம சோப்பு ஆகாதே.”

அவள் டப்பாவைத் திருப்பி வாசித்தாள். “ஆமாம்மா, போட்டிருக்கு. நானே இப்பத்தான் பாக்குறேன்” என்று சிரித்தாள்.

“அது போட்டா தப்பில்ல. வாசம் இல்லாதது இருக்கா?”

“வாசம் இல்லாம யாரும்மா கேக்குறா?” என்றாள். ஆனாலும் குனிந்து கீழ்த்தட்டில் தேடினாள். ஒன்றே ஒன்று இருந்தது. அட்டை நிறம் மங்கியிருந்தது. வாங்கி வந்தேன்.

எங்கள் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. நல்ல தண்ணீர். அதில் எந்தச் சோப்பும் நுரைக்கும். ஊத்து இருந்த இடத்தை மணல் மூடிவிட்டது. எந்த இடம் என்று என் மகளுக்குக் காட்டப் போனேன், எனக்கே சரியாகத் தெரியவில்லை. பரமு அக்கா ஊருக்கே திரும்பிப் போய்விட்டார் என்றார்கள். அம்மாவும் அய்யாவும் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அட்டையைப் பிரித்தேன். சதுரமாக இருந்தது. மோந்து பார்த்தேன். வாசம் இல்லை. குழாயடியில் நின்றபடி நாக்கு நுனியை அதில் வைத்தேன்.

“என்னம்மா, சோப்ப நக்குற?” என்றாள் மகள்.

சுள்ளென்று இழுக்கவில்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.

“ஆயிருச்சு” என்றேன்.