பந்துக்குப் பரிவட்டம்

பள்ளிக்கூடத்துக்கு ஒரு புட்பால் வாங்கிக் கொடுத்தால், கொடுத்தவன் வீட்டுப் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் நம்பினேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, மனப்பூர்வமாகவே நம்பினேன். தலையில் பாதி நரை, ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற வாய், இத்தனையும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு நம்பிக்கை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. எங்கள் ஊர் உடையார்பாளையத்துக்குப் பக்கம். மகனை அரியலூரில் ஹைஸ்கூலில் சேர்த்து, அங்கேயே என் மைத்துனர் வீட்டில் விட்டிருந்தேன். படிப்பு சுமார்தான். புட்பால் என்றால் மட்டும் சோறு வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கோஷ்டியில் அவனையும் சேர்த்திருக்கிறார்கள் என்று சேதி வந்ததும், வண்டி கட்டிக்கொண்டு மேட்ச் பார்க்கப் போனேன்.

பதினொரு பேர் மைதானத்தில் ஓடினார்கள். என் பிள்ளை கோட்டுக்கு வெளியே நின்றான். ஒரு தோளில் அத்தனை பேருடைய சட்டையும் தொங்கியது. கையில் எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்ட தூக்கு. பந்து சப்பாத்திக் கள்ளிக்குள் விழுந்தால் ஓடிப்போய் எடுத்து வருவதும் அவன் உத்தியோகம்தான். இதற்கு 'எக்ஸ்ட்ரா' என்று பெயராம். உள்ளே ஆடுகிறவன் எவனாவது காய்ச்சலில் படுத்தால்தான் இவனை இறக்குவார்களாம். அடுத்தவன் பிள்ளைக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று அன்று மனசுக்குள் வேண்டிக்கொண்டதை இங்கே எழுதலாமா கூடாதா தெரியவில்லை. எழுதிவிட்டேன், போகட்டும்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். என் சம்சாரம் முழுதும் கேட்டுவிட்டு, "புள்ள அழுவுதா?" என்றாள்.

"இல்ல."

"அப்பறம் நீங்க ஏன் அழுவறீங்க?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

அந்தச் சமயம் ரப்பர் கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே பந்தின் உள்ளே இருக்கும் காற்றுப்பையில், சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற மாதிரி ஒட்டு மேல் ஒட்டு. நாலு உதை உதைத்தால் அது கொழுக்கட்டை மாதிரி ஆகிவிடும். இதைப் பார்த்ததும்தான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் ஊர்க் கோயில் தேருக்கு வடம் வாங்கிக் கொடுத்தது எங்கள் குடும்பம். அதனால் திருவிழாவில் முதல் பரிவட்டம் எங்கள் தலைக்குத்தான். கொடுத்தவனுக்கு மரியாதை, இதுதானே உலக வழக்கம்? தேருக்கு வடம் எப்படியோ ஆட்டத்துக்குப் பந்து அப்படி என்று கணக்குப் போட்டேன்.

திருச்சிக்குப் போய், கையில் காலில் விழாத குறையாக ஒரு கடைக்காரரைப் பிடித்து, புதுத் தோல் பந்து ஒன்று வாங்கினேன். ரயிலில் அதைப் பறங்கிக்காய் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் அதை எப்படிக் கொடுத்தேன் என்கிறீர்கள்? தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், நடுவில் பந்து. பந்துக்குச் சந்தனம் குங்குமம் வேறு. தலைமை ஆசிரியர் பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பொட்டு கையில் ஒட்டாமல் பந்தைத் தூக்குவது எப்படி என்று பார்த்தார். பையன்கள் சிரித்தார்கள். என் மகன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சந்தோஷத்தில் கண் கலங்குகிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த மேட்ச். என் பந்து உள்ளே உருண்டது. என் பிள்ளை வெளியே நின்றான். வடம் கொடுத்தவன் மகனைக் கூப்பிட்டுச் செருப்புக்குக் காவல் வைத்தால் எப்படி இருக்கும்? எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. நேரே டிரில் மாஸ்டரிடம் போனேன். ஒல்லியான மனுஷர், கழுத்தில் விசில்.

"பந்து எப்படிங்க இருக்கு?" என்று ஆரம்பித்தேன்.

"அருமையான பந்துங்க. காத்து கொஞ்சங்கூட எறங்கல."

"பையன்?"

"பையனும் நல்ல பையந்தாங்க. பந்து ஓடற வேகத்துக்கு அவன் ஓட மாட்டேங்கறான், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! உள்ளே இடது ஓரத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் மகன் ஆடினானே, அவன் என்ன குதிரையா? அவனை மட்டும் ஏன் இறக்க வேண்டும்? இன்று வரை இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. எழுதும்போதே பேனா அழுந்துகிறது பாருங்கள்.

அன்று சாயங்காலமே மகனிடம் சொல்லிவிட்டேன்: இந்தக் கோஷ்டியே வேண்டாம், விலகிவிடு. அவன் "வேணாம்ப்பா" என்றான். எதற்கு வேண்டாம் என்கிறான், விலகுவதற்கா, கோஷ்டிக்கா என்று நான் கேட்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். அடுத்து பெரம்பலூரில் ஒரு மேட்ச் இருந்தது. அதுதான் கடைசி. அதிலும் இறக்காவிட்டால் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. பெரம்பலூரில் மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பெரம்பலூர்ப் பையன்களின் பந்து புஸ்ஸென்று போய்விட்டது. வேறு பந்து அங்கே கிடையாது. எங்கள் பந்து இறங்கியது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

நம் பக்கம் ஒரு பையன் காலில் அடிபட்டு நொண்ட ஆரம்பித்தான். அவர்கள் பக்கமும் ஒருவனுக்குக் காயம். இடைவேளையில் இரண்டு மாஸ்டர்களும் பேசி, ஆளுக்கு ஒருவனை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். மகன் சட்டையைக்கூடக் கழற்றிவிட்டான். நம் டிரில் மாஸ்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். நொண்டுகிறவனையும் பார்த்தார். "நீயே ஆடுடா, சமாளிச்சுக்கலாம்" என்று நொண்டியிடம் சொல்லிவிட்டார்!

கேட்டீர்களா? நொண்டி ஆடலாம், என் பிள்ளை ஆடக்கூடாது!

விறுவிறுவென்று போனேன். மகன் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். பந்து அவன் காலடியில் கிடந்தது.

"கெளம்புடா, போவலாம்."

"வர்லப்பா."

"வர்றியா இல்லியா?"

"வர்ல."

எல்லோரும் பார்க்கிறார்கள். தகப்பன் கூப்பிட்டுப் பிள்ளை வரவில்லை என்றால் என்ன ஆவது? ஏதாவது ஒன்றையாவது கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் இல்லையா? பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதலில் கம்பீரமாகத்தான் நடந்தேன். பின்னால் ஒரு விசில் கேட்டது. கொஞ்சம் வேகமாக நடந்தேன். "ஏய், பந்துய்யா! பந்தத் தூக்கிட்டுப் போறாரு!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு நான் நடக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடினேன். அந்த டிரில் மாஸ்டர் அப்போது என்னைப் பார்த்திருந்தால் இடது ஓரத்தில் என்னையே இறக்கியிருப்பார்.

பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அரியலூர் பஸ் நின்றது. ஆனால் கரி பஸ். யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? பின்பக்கத்து உருளையில் கரியைப் போட்டு, கண்டக்டர் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "இப்ப கெளம்பாதுங்க, சூடு ஏறணும்" என்றார். எனக்கு ஏறியிருந்த சூட்டுக்கு அந்தப் பஸ் டில்லி வரை போயிருக்கும்.

ஊரே திரண்டு வந்து என்னைப் பிளந்துவிடப் போகிறது என்று பட்டது. பஸ்ஸில் ஏறி, மூலையில் உட்கார்ந்து, பந்தைச் சட்டைக்குள் விட்டு, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டேன். பக்கத்தில் சிறுவாச்சூர்க் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிற ஓர் அம்மாள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வயித்துல கட்டியா?"

"ஆமாம்மா."

"ரொம்ப நாளாவா?"

"இப்பதான், கொஞ்ச முன்னால."

"இம்புட்டு சீக்கிரமாவா இம்புட்டுப் பெருசாச்சு! ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டீங்களா?"

"வேண்டிக்கிட்டேதாம்மா ஒக்காந்திருக்கேன்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அதற்குள் கூச்சல் நெருங்கிவிட்டது. பையன்கள் பஸ்ஸைச் சூழ்ந்துகொண்டு ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் எழுந்து, "நோவாளி ஒருத்தரு ஒக்காந்திருக்காரு, ஏண்டா கத்தறீங்க? அந்தாண்ட போங்கடா!" என்று விரட்டினாள். நான் பொருத்தமாக முனகினேன்.

அப்போது என் மகன் பஸ்ஸில் ஏறினான். வியர்வை ஒழுக, மூச்சு வாங்க என் எதிரில் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தான்.

"அப்பா, அத எடுங்க."

"எத?"

அவன் கையை நீட்டினான். நான் பொங்கிவிட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு பொங்குவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

"நொண்டிய எறக்கறான், ஒன்ன எறக்க மாட்டேங்கறான். அப்பறம் எதுக்குடா அங்க நிக்கிற? சட்டைக்குக் காவல் காக்கவா ஒன்னப் பெத்தேன்? இன்னியோட விட்டுத் தொலச்சுட்டு வா!"

"நீங்க மேட்சுக்கு மட்டுந்தான் வரீங்க" என்றான். "நான் தெனம் சாயங்காலம் ஆடறேம்ப்பா. இருட்டுற வரைக்கும் எல்லாரோடயும் ஆடறேன். கோல்கூடப் போட்டிருக்கேன். மேட்சு எப்பவோ ஒரு நா வருது. அன்னிக்கு நிக்கிறேன். அத மட்டும் பாத்துட்டு விட்டுடுன்னா, தெனம் ஆடறதும்ல போயிடும்?"

"அது சும்மா பழகறதுதானடா."

"அதுவும் இதே பந்துதானப்பா."

பதில் இல்லாதபோது வருகிற கோபம்தான் எல்லாவற்றிலும் பெரிய கோபம். அந்தக் கோபத்தோடுதான் துண்டை விலக்கிச் சட்டைக்குள்ளிருந்து பந்தை எடுத்தேன்.

"ஆத்தாடி!" என்று பக்கத்து அம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். "பொறந்துடுச்சே!"

பஸ் முழுதும் சிரித்தது. கண்டக்டர் விசிறி சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். என்னைப் பிளக்க வந்த கூட்டமும் சிரித்தது. என் மகன் மட்டும் சிரிக்கவில்லை. பந்தை வாங்கி, மண்ணைத் துடைத்துக்கொண்டு, மைதானத்தைப் பார்த்து ஓடினான். பந்து ஓடுகிற வேகத்துக்கு ஓடவில்லைதான். மாஸ்டர் சொன்னது உண்மை என்பது அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபம் குறையவில்லை.

பஸ்ஸுக்குச் சூடு ஏறவில்லை. நானும் மெல்லத் திரும்பிப் போய், ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்று மிச்ச ஆட்டத்தைப் பார்த்தேன். நாம் தோற்றோம். கோலுக்கு நேராக வந்த பந்தை அந்த மளிகைக் கடைக்காரர் மகன் வானத்துக்கு உதைத்தான். அந்தத் தப்பை என் பிள்ளை அவனைவிடக் குறைந்த சிரமத்தில் செய்திருப்பான். என் பிள்ளை கோட்டுக்கு வெளியே, அதே இடத்தில், சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். ஆடுகிறவர்கள் பெயரையெல்லாம் சொல்லிச் சொல்லிக் கத்தினான்.

திரும்பும்போது எல்லோருக்கும் அதே பஸ்தான். வழியில் ஒரு மேட்டில் அது நின்றுவிட, அத்தனை பேரும் இறங்கித் தள்ளினோம். என் பக்கத்தில் டிரில் மாஸ்டர். "வயிறு இப்ப எப்படிங்க இருக்கு?" என்றார். அவர் கோஷ்டிக்கு எக்ஸ்ட்ராவாக நானும் சேர்ந்து பஸ் தள்ளினேன்.

அதற்குப் பிறகு விலகச் சொல்லி அவனிடம் நான் கேட்கவில்லை. இப்போதும் ஏதாவது ஒன்றுக்கு, என் வீட்டுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று கிளம்பிக் குதிக்கப் போகும்போது, என்னை அறியாமல் கை வயிற்றைத் தடவிப் பார்க்கிறது. உள்ளே ஏதாவது உருண்டையாகத் தட்டுப்படுகிறதா என்று.

அடுத்த வருஷமும் அவன் எக்ஸ்ட்ராதான். ஒரே ஒரு தடவை, ஒரு பையனுக்கு அம்மை போட்டதால், தா.பழூரில் நடந்த ஆட்டத்தில் இவனை முழு ஆட்டமும் இறக்கினார்கள். அன்று நான் திருமானூரில் கரும்பு வெட்டில் இருந்தேன். பார்க்கவில்லை. எப்படிடா ஆடினாய் என்று பிறகு கேட்டதற்கு, "சுமாராத்தாம்ப்பா ஆடுனேன்" என்றான்.