உடையாத பூட்டு

பிள்ளையார்பாளையத்தில் அப்பாதுரையைத் தெரியாத தறிவீடு கிடையாது. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நெய்து தீர்கிற சமயத்தில், பழைய பாவின் ஒவ்வொரு இழை முனையோடும் புதுப் பாவின் இழை முனையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஐயாயிரம் இழைக்குக் குறையாது. நமக்கெல்லாம் ஊசியில் நூல் கோப்பதற்குள் உயிர் போய்விடுகிறது. இவர் காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட்டு எழுந்திருப்பார். ஓர் இழை விட்டுப்போகாது.

முசரவாக்கத்தில் பயிர் வைக்கிற குடும்பம் அவருடையது. தினமும் சைக்கிளில் வருவார். வெளியூர் ஆள்தான். ஆனாலும் பட்டும் ஜரிகையும் அடுக்கியிருக்கிற அறையில் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் பெண்கள் அடுப்பு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். சில வீடுகளில் கோயிலுக்கே போய்விடுவார்கள். "அப்பாதுர இருக்குறாரு, பூட்ட வேணாம்" என்பார்கள். அந்த ஒரு பேச்சுதான் இருபத்திரண்டு வருஷமாக அவருக்குச் சோறு போட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் கண்ணை இழையை விட்டு எடுக்க மாட்டார். ஏன் என்று சொல்கிறேன்.

அமாவாசை அன்றைக்கு அந்தத் தெருக்களில் தறி ஓடாது. பஜனை கோயிலில் ஒரு கோஷ்டி கூடும். அப்பாதுரை ஜால்ரா, சபாபதி ஆர்மோனியம், முனிசாமி மிருதங்கம். சாயம் போடுகிற ராமலிங்கம் பாடுவார்; பாடுவார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாட்டு முடிந்து சுண்டல் கைக்கு வந்ததும் ஆளாளுக்குத் தங்கள் வேறு வித்தைகளை அவிழ்த்துவிடுவார்கள். ராமலிங்கம் கட்டுகிற காற்றாடிக்கு மெட்ராஸிலிருந்து ஆள் தேடி வருமாம். முனிசாமி கிளிக்குப் பேசக் கற்றுத்தருவார். அவருடைய கிளி அவர் மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. நாலு தறிக்குச் சொந்தக்காரரான சபாபதி, மாவடு போடுவதில் தன்னை மிஞ்ச ஜில்லாவிலேயே பொம்பளை கிடையாது என்பார்.

"ஏம்பா அப்பாதுர, உனக்கு இன்னாதான் தெரியும்?" என்று யாராவது கேட்டால், "எனக்கு இன்னா தெரியும், பிணைக்கத்தான் தெரியும்" என்று சுண்டலை வாயில் திணித்துக்கொள்வார்.

பொய். சுத்தப் பொய். சாவியில்லாமல் பூட்டுத் திறக்க அவருக்குத் தெரியும். திருடுவதற்காகக் கற்றுக்கொண்டது இல்லை. பதினெட்டு வயதில் பழைய இரும்புக் கடையில் சாவி தொலைந்த பூட்டு ஒன்றை எடைக்குப் போட்டிருந்தார்கள். தறி அச்சில் இழை கோக்கிற பித்தளைக் கொக்கி சட்டைப் பையில் இருந்தது. சும்மா விட்டு நோண்டினார். உள்ளே ஏதோ ஒன்று நகர்ந்து, வளையம் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அன்றைக்குப் பிடித்த பித்து. முசரவாக்கத்து வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு கோணி, அதற்குள் முப்பத்தொரு பூட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறப்பார், மூடுவார். அந்த நேரத்தில் அவரைவிடச் சந்தோஷமான மனிதன் அந்த வட்டாரத்தில் இருந்திருக்க மாட்டான்.

அவர் பெண்சாதி பூவம்மாளுக்கு மட்டும் தெரியும். "இந்தக் கருமத்தக் கொண்டும்போய் பாலாத்துல போட்டுட்டு வா. ஊருக்குத் தெரிஞ்சா ஒரு வாசப்படி ஏத்துவாங்களா உன்ன?" என்று வாரத்துக்கு ஒரு தடவை சொல்வாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. வீட்டுக்கு வீடு பட்டைப் பூட்டி வைத்திருக்கிற ஊரில், எந்தப் பூட்டையும் திறக்கிற ஒருத்தன் வீட்டுக்குள் வந்து போகிறான் என்றால் யார் விடுவார்கள்? பக்கத்துத் தெருவில் ஒரு தடவை ஜரிகை களவு போனது. மூன்று மாதம் கோணியைக் கொல்லையில் புதைத்து வைத்தார் அப்பாதுரை. போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைத் தூரத்தில் பார்த்தாலே சைக்கிளை வேறு தெருவில் திருப்பிவிடுவார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அறுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம் சபாபதி வீட்டில் பிணைக்கப் போனவர், பட்டு அறைக் கதவில் புதிதாகத் தொங்கிய திண்டுக்கல் பூட்டைப் பார்த்தார். ஆறு லீவர். அந்த மாதிரி ஒன்று அவரிடம் இல்லை. வீட்டில் யாரும் இல்லை. கை கேட்குமா? திறந்தார். கதவைத் தொடக்கூட இல்லை, உடனே பூட்டை அழுத்திவிட்டு வந்து பிணைக்க உட்கார்ந்தார். அப்புறம் ஒரு மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதே வருஷம், கார்த்திகை அமாவாசை. மூன்று நாளாக விடாத மழை. மழைக்காலத்தில் பட்டு ஈரம் வாங்கிக்கொள்ளும் என்பதால், பட்டு அறைக்குள் கரி நெருப்புக் கும்மட்டியை வைத்துக் கதவைச் சாத்திவிடுவது அங்கே வழக்கம். சபாபதியும் அன்று காலை அப்படித்தான் செய்தார். அமாவாசையில் அந்த அறையில் யாருக்கும் வேலை இல்லை. அதனால் கிளம்புகிற நேரத்தில் உள்ளே எட்டிப் பார்க்காமல் பூட்டை அழுத்தினார். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு ஓரிக்கையில் பாலாற்றங்கரைக்குத் தகப்பனாருக்குத் திதி கொடுக்கப் போய்விட்டார்.

பஜனையில் இரண்டாவது பாட்டு முடியவில்லை. சபாபதியின் மனைவி லோகாம்பாள் நனைந்துகொண்டே ஓடி வந்தாள். "பட்டு ரூமுக்குள்ள ஏதோ வியிந்த சத்தம் கேட்டுது. ஏலவார்குழலியக் காணோம். கூப்ட்டா பதில் இல்ல."

ஏலவார்குழலி அவர்களுடைய பெண். இருபது வயது. அப்பாதுரை, முனிசாமி, ராமலிங்கம் மூவரும் ஓடினார்கள். கதவிடுக்கில் மூக்கை வைத்த முனிசாமி, "கரி வாட அடிக்குதுபா" என்றார். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் இதே மாதிரி கும்மட்டியோடு கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய ஒரு நெசவாளி காலையில் எழுந்திருக்கவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. திருடனுக்குப் பயந்து வைக்காமல் விட்டது.

முனிசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் பறந்தார். போய்வர ஒரு மணி நேரமாவது ஆகும். ராமலிங்கம் கடப்பாரையைக் கொண்டுவந்து நாதாங்கியை நெம்பினார். இரும்புப் பட்டை அடித்த தேக்குக் கதவு. கடப்பாரைதான் வழுக்கி அவர் முழங்காலில் பட்டது.

அப்பாதுரை சுவரோரம் நின்றார். உடைந்துவிடு, உடைந்துவிடு என்று நாதாங்கியைப் பார்த்து மனதுக்குள் கெஞ்சினார். உடைந்தால் அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். உடையவில்லை. சட்டைப் பையில் கொக்கி இருந்தது. அது இருக்கிற இடம் நெஞ்சில் சுட்டது. திறந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். சீக்கிரம் திறந்தால், முன்னாலேயே திறந்தவன் என்றும் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருஷச் சோறு போகும். போலீஸ் வரும். பூவம்மாள் தெருவில் தலைகாட்ட முடியாது. ஐம்பது இழை பிணைக்கிற நேரம் அப்படியே நின்றார் அந்த மனிதர். அதை அவர் பிறகு எந்தக் காலத்திலும் மறக்கவில்லை.

உள்ளேயிருந்து நகத்தால் கதவைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. கீழே, தரையை ஒட்டி. இரண்டு தடவை கேட்டது. அப்புறம் இல்லை.

"ராமலிங்கம், நீ போயி கொல்லரக் கூட்டிக்கினு வா" என்றார் அப்பாதுரை.

"அவரு வீடு ஊருக்கு அந்தக் கோடிலபா."

"போ சொல்றேன்."

ராமலிங்கம் நொண்டிக்கொண்டே ஓடினார். "அண்ணி, நீங்க போயி ஒரு செம்பு தண்ணி கொண்டாங்க" என்றார் அப்பாதுரை.

லோகாம்பாள் கதவை விட்டு நகரவில்லை. "எம்பொண்ணு உள்ள கிடக்குது, நா எங்க போவேன்?"

"அப்ப அந்தக் கொண்ட ஊசியக் குடுங்க" என்றார். தன் குரலா அது என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மண்டியிட்டார். கொக்கியும் கொண்டை ஊசியும் உள்ளே போயின. உடம்பு முழுக்க நடுங்கியது, விரல் மட்டும் நடுங்கவில்லை. ஒன்று, இரண்டு. மூன்றாவது லீவர் ஆடியில் செய்த மாதிரியே அடம்பிடித்தது. நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தார். நகர்ந்தது. நாலு, ஐந்து, ஆறு. பூட்டு துள்ளித் திறந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

பெண் வாசற்படிக்குள்ளேயே குப்புறக் கிடந்தாள். இருவருமாக முற்றத்து மழையில் இழுத்துப் போட்டார்கள். முகத்தில் மழை விழுந்து, வெகுநேரம் கழித்து இருமினாள், வாந்தி எடுத்தாள், அம்மா என்றாள். லோகாம்பாள் அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அப்புறம் அப்பாதுரையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் பதறிப் பின்வாங்கினார்.

நடந்தது இதுதான். அவளுக்குப் படம் வரைகிற கிறுக்கு. பொம்பளைப் பிள்ளைக்குப் படம் எதற்கு என்று சபாபதி முன்பே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டிருந்தார். அதனால் அமாவாசைக்கு அமாவாசை யாரும் வராத பட்டு அறையில் உட்கார்ந்து, கும்மட்டிக் கரியை எடுத்து, பழைய டிசைன் தாள்களின் பின்பக்கம் வரைவாள். அன்றைக்கும் அப்பா கும்மட்டியை வைத்துவிட்டு நகர்ந்ததும் உள்ளே நுழைந்திருந்தாள். அப்பா பூட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. குரல் கொடுத்தால் படம் தெரிந்துவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள். சாவுக்குப் பயப்படாமல் அப்பாவுக்குப் பயந்திருக்கிறது அந்தப் பெண். அப்பாதுரைக்கு மட்டும்தான் அது ஆச்சரியமாகப் படவில்லை.

சபாபதி ஈர வேட்டியோடு வந்து சேர்ந்தபோது கையில் சாவி இருந்தது. மகளைக் கட்டிக்கொண்டு தேம்பினார். பிறகு நிமிர்ந்தவர், கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"ஒடைக்கல?" என்றார்.

"இல்லண்ணே."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது அப்பாதுரைக்கு.

மறுநாளே தெரு பூராவும் தெரிந்துவிட்டது. கொல்லரோடு திரும்பி வந்து பார்த்த ராமலிங்கம் வாய் சும்மா இருக்குமா? புகழ்ந்துதான் சொன்னார் பாவம். "நம்ம அப்பாதுர எந்தப் பூட்டா இருந்தாலும் அஞ்சு நிமிஷந்தான்" என்று டீக்கடையில் நின்று சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் ஆகா என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பெண்சாதியிடம் என்ன சொன்னார்களோ, பதினோரு நாள் ஒரு வீட்டிலிருந்தும் அப்பாதுரைக்கு ஆள் வரவில்லை. பாவு தீர்ந்த வீடுகள் இருந்தன. "அப்பறம் சொல்லி அனுப்புறோம்பா" என்றார்கள். நாலு வீட்டில் கடைசிவரை சொல்லி அனுப்பவே இல்லை. பூவம்மாள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டாமல் சோறு போட்டாள், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் சபாபதி கூப்பிட்டனுப்பினார். பட்டு அறையை ஒட்டிய தறியில் பாவு பிணைக்க வேண்டும். லோகாம்பாள் காலையிலேயே இலை போட்டு, பாயசம் வைத்துச் சாப்பாடு போட்டாள். "தெய்வம் தம்பி நீ" என்றாள். அவர் பிணைக்க உட்கார்ந்ததும், முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவர் எதிரே உட்கார்ந்ததில்லை. அவளும் வேண்டுமென்று செய்தாளா, தெரியாது. பொறுக்கிய அரிசியையே திரும்பத் திரும்பப் பொறுக்கினாள். கண் மட்டும் அவர் கையைவிட்டு நகரவில்லை. அப்பாதுரை தலையைக் குனிந்துகொண்டார். அவமானத்தில் காது சூடேறியது. இரண்டாயிரம் இழை வரை அப்படியே போனது.

ஏலவார்குழலி உள்ளே வந்தாள். கையில் ஒரு தாள். "சித்தப்பா, இத உங்களுக்குத்தான் வச்சிருந்தேன்."

கரிப் படம். பட்டு அறைக் கதவுக்கு முன்னால் ஒருவர் மண்டியிட்டு, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, பூட்டில் கொக்கியை விட்டுக்கொண்டிருக்கிறார். முகத்தில் அத்தனை சந்தோஷம். கீழே மாதமும் போட்டிருந்தது: ஆடி.

அப்பாதுரைக்குப் படத்தை மறைக்கக் கை போனது. அதற்குள் லோகாம்பாள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஆடி மாசமா?" என்றாள்.

"ஆமாம்மா. எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தீங்க. நா மாடிப்படில ஒக்காந்துக்கினு இருந்தேன். தொறந்தாரு, உடனே பூட்டினாரு. உள்ள எட்டிக்கூடப் பாக்கல." பெண் அம்மாவின் முறத்தைப் பார்த்தாள். "நாலு மாசம் ஆச்சு. நம்ம வீட்டுல ஒரு நூலு கொறஞ்சுதாம்மா?"

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

லோகாம்பாள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கொழம்பு அடுப்புல இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெண்ணும் பின்னாலேயே போய்விட்டாள்.

அப்பாதுரை அறையில் தனியாக இருந்தார். சாம்பலைத் தொட்டார். அடுத்த இழையை எடுத்தார். பூட்டுத் திறந்தபோது நடுங்காத விரல் இப்போது நடுங்கியது. முறுக்கிய இழை பிரிந்துபோனது. மறுபடி முறுக்கினார். நாலு மாதமாக ஒருத்தி தெரிந்து வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை வெளியே விடாமல், அவர் வரும்போதெல்லாம் மோர் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். இழையைக் கண்ணீர் மறைத்தது. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்தபோது நானூறு இழை பாக்கி இருந்தது. அவர் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை.

"அண்ணி, நாளைக்கி வந்து முடிச்சுட்றேன்" என்று குரல் கொடுத்தார்.

அடுக்களையிலிருந்து லோகாம்பாள் வெளியே வரவில்லை. "சரி தம்பி. பட்டு ரூம் தொறந்து கிடக்குது பாரு, போறப்ப பூட்டிட்டுப் போயிடு."

அப்பாதுரை முதலில் உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி அழுத்தினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.